பெட்ரோல் விலையேற்றம்: குற்றவாளி யார்?

பெட்ரோல், டீசல் விலை ஏறும்போதெல்லாம் பீர்க்கன்கரணை ஜி.எஸ்.டி. சாலையோரத்தில் ஒரு தகராறு நடக்கிறது. ஷேர் ஆட்டோக்காரர் ஐந்து ரூபாய் கூடக் கேட்கிறார், ஷிப்டுக்குப் போகும் தொழிலாளி கொடுக்க மறுக்கிறார், வாய்ச்சண்டை முற்றுகிறது. மோதிக்கொள்பவர்கள் இருவரும் ஏழைகள். இருவர் மடியிலும் கைவைத்த சர்க்காரோ டில்லியில் நிம்மதியாக இருக்கிறது.

“வண்டி வைத்திருப்பவனுக்கல்லவா இந்தக் கவலை?” என்று கேட்கும் விவசாயத் தொழிலாளியும் உண்டு. தோழரே, வண்டி இல்லாதவனும் டீசல் வரி கட்டுகிறான். டிராக்டர் உழுவதும், மிஷின் அறுப்பதும், அரிசி மூட்டை கடைக்கு வந்து சேருவதும் டீசலில்தான். நம் சோற்றுப் பானையில் அரிசியோடு டீசல் விலையும் சேர்ந்தே வேகிறது.

“உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறிவிட்டது, நாங்கள் என்ன செய்வோம்?” என்று மந்திரிகள் கையை விரிக்கிறார்கள். விலை இறங்கியபோது என்ன செய்தார்கள்? 2014 நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் விற்ற கச்சா எண்ணெய், 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே போயிற்று. அந்த லாபம் ஜனங்களுக்குக் கிடைத்ததா? 2014 நவம்பரிலிருந்து அந்த ஜனவரிக்குள் மத்திய சர்க்கார் கலால் வரியை ஒன்பது தடவை ஏற்றியது! 2020-ல் ஊரடங்கில் ஜனங்கள் வேலையிழந்து கிடந்தபோது எண்ணெய் விலை மறுபடி சரிந்தது. வரி மறுபடி ஏறியது. 2014-ல் லிட்டருக்கு 9 ரூபாய் 48 காசாக இருந்த பெட்ரோல் வரி 32 ரூபாய் 98 காசாயிற்று. டீசல் வரி 3 ரூபாய் 56 காசிலிருந்து 31 ரூபாய் 83 காசாயிற்று.

மாதம் 10 லிட்டர் பெட்ரோல் போடும் மில் தொழிலாளி 2014-ல் டில்லிக்குக் கட்டிய வரி 95 ரூபாய். 2020-ல் 330 ரூபாய். முதலாளியின் காருக்கும் லிட்டருக்கு அதே வரிதான். இதுதான் இவர்களுடைய சமத்துவம்!

2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் வரியைக் குறைத்தார்கள். குறைத்த பிறகும் பெட்ரோல் வரி 19 ரூபாய் 90 காசு. 2014-ல் இருந்ததைப்போல் இரண்டு மடங்கு. 2025 ஏப்ரலில் கச்சா எண்ணெய் விலை இறங்கிற்று. உடனே லிட்டருக்கு 2 ரூபாய் வரியும், சமையல் காஸுக்கு 50 ரூபாயும் ஒரே நாளில் ஏற்றினார்கள்.

சர்க்காருக்குப் பணம் வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். ஆனால் யாரிடம் வாங்குவது? 2019 செப்டம்பரில் கம்பெனிகளின் வருமான வரியை 30 சதத்திலிருந்து 22 சதமாகக் குறைத்தார்கள். சர்க்காரே சொன்ன கணக்குப்படி வருஷத்துக்கு 1,45,000 கோடி ரூபாய் நஷ்டம். முதலாளிக்கு விட்டுக்கொடுத்ததை மறுவருஷமே பெட்ரோல் பங்கில் நம்மிடம் வசூலித்தார்கள்.

பெட்ரோல் மீதிருந்த விலைக் கட்டுப்பாட்டை 2010 ஜூனில் நீக்கியது காங்கிரஸ் கூட்டணி சர்க்கார். டீசலுக்கு 2014 அக்டோபரில் நீக்கியது பா.ஜ.க. சர்க்கார். 2017 ஜூனிலிருந்து தினசரி விலை மாற்றம் வந்தது. ஒருவர் பூட்டைத் திறந்தார். மற்றவர் வீட்டைக் காலி செய்தார். “விலையைத் தீர்மானிப்பது சந்தை” என்ற பேச்சும் பொய். ஐந்து மாநிலத் தேர்தலையொட்டி, 2021 நவம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நான்கு மாதத்துக்கு மேல் விலை அசையவில்லை. ஓட்டு எண்ணி முடிந்ததும் ஏற ஆரம்பித்தது.

மாநில சர்க்காரும் வரி வாங்குகிறது, உண்மை. 2021 ஆகஸ்டில் தமிழக சர்க்கார் பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்தது, டீசலைத் தொடவில்லை. அதையும் நாம் கேட்கத்தான் வேண்டும். ஆனால் 2021 பிப்ரவரியில் பெட்ரோல் மீது மத்திய சர்க்கார் வாங்கிய 32 ரூபாய் 90 காசில், மாநிலங்களோடு பங்கிட வேண்டிய தொகை வெறும் 1 ரூபாய் 40 காசு. மீதியை செஸ் என்றும் விசேஷ வரி என்றும் பெயர் வைத்து டில்லியே எடுத்துக்கொண்டது.

வழி இல்லையா? இருக்கிறது. 1960-ல் சோவியத் யூனியன் மலிவாகத் தர முன்வந்த எண்ணெயைச் சுத்திகரிக்க பர்மா ஷெல், ஸ்டான்வாக், கால்டெக்ஸ் கம்பெனிகள் மறுத்தன. ஆனால் அந்த மலிவு எண்ணெயைக் காட்டியே அவற்றின் விலையைக் குறைக்கவைக்க முடிந்தது. பர்மா ஷெல் 1976-ல் தேசவுடைமையாகி பாரத் பெட்ரோலியம் ஆயிற்று. அதையே 2019-ல் விற்கத் துணிந்தார்கள், தொழிலாளர்கள் எதிர்த்தார்கள், 2022-ல் விற்பனை கைவிடப்பட்டது.

ஆகவே நம் கோரிக்கைகள் இவை: செஸ்களையும் விசேஷ வரிகளையும் ரத்து செய்! விலைக் கட்டுப்பாட்டைத் திரும்பக் கொண்டுவா! எண்ணெய்க் கம்பெனிகளைப் பொதுத்துறையிலேயே வை! பெரிய கம்பெனிகளிடம் பழைய வரியை வசூலி!

ஆட்டோத் தொழிலாளியும் மில் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் ஐந்து ரூபாய்க்காகத் தங்களுக்குள் அடித்துக்கொண்டால் டில்லிக்குக் கொண்டாட்டம். மூவரும் ஒரே கொடியின் கீழ் வீதியில் இறங்கினால்தான் அந்த வரி இறங்கும்.