காட்டில் கிடைத்த வெளிச்சம்

விலங்கியல் மாணவனான எனக்குக் காடு என்பது உயிரினங்களின் வாழிடம். நத்தானியல் ஹாத்தார்ன் 1850இல் எழுதிய ‘தி ஸ்கார்லெட் லெட்டர்’ நாவலில் அதற்கு வேறு பொருள். பாஸ்டன் நகரத்துப் பியூரிட்டன்களுக்குக் காடு சாத்தானின் இருப்பிடம். ஊரார் நெஞ்சில் அவமானச் சின்னம் சூட்டிய ஹெஸ்டரோ, அங்கேதான் அதைக் கழற்றி எறிகிறாள், கூந்தலை அவிழ்க்கிறாள், வெயில் பாய்கிறது.

ஆகவே காடே விடுதலை என்பர் சிலர். எனக்கு உடன்பாடில்லை. அவள் மகள் பேர்ல், சின்னத்தை மீண்டும் அணியும்வரை ஓடையைத் தாண்டி வர மறுக்கிறாள். ஊருக்குள் கைகோத்து வர இசையாத தந்தை டிம்ஸ்டேலின் முத்தத்தை ஓடை நீரில் கழுவுகிறாள். ஊர் நடுவே, தண்டனை மேடையில் அவர் உண்மையை ஒப்புக்கொண்ட பிறகே அவரை முத்தமிடுகிறாள்.

மறைவில் பெறுவது அரை விடுதலையே. என் குடும்பத்தின் முதல் பட்டதாரி ஆகப்போகும் நான், தந்தை மூட்டை தூக்குவதை வகுப்பில் சென்ற ஆண்டு மறைத்தேன். இதோ, மலரிலேயே எழுதிவிட்டேன்.