அட்டை மின்னினால் அசல் ஆகிவிடுமா?

பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் முக்கால் மணி நேரம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்க மாட்டீர்களா?

ஜெராக்ஸ் கடை வாசல்களில் இப்போது ஒரு போர்டு தவறாமல் தொங்குகிறது. "ஆதார், வோட்டர் ஐடி, பான் கார்டு பிவிசி அட்டையில் உடனே போட்டுத் தரப்படும்." வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் அனுப்பினால் போதும், ஐந்து நிமிடத்தில் பளபளவென்று ஒரு கார்டு கைக்கு வந்துவிடும். நம் மண்டபத்தூரில் பாதி வீடுகளில் இந்தக் கார்டுதான் பீரோவில் இருக்கிறது. மாப்பிள்ளைகள், சித்தப்பாக்கள், என்னிடம் படித்த பிள்ளைகள், யாரைக் கேட்டாலும் "அசலே வாங்கிட்டேன் சார்" என்கிறார்கள்.

அது அசல் இல்லை. அதற்குக் கொடுத்த பணம் வீண். பணத்தைவிடப் பெரிய ஒன்றையும் கடையில் விட்டுவிட்டு வருகிறீர்கள். ஆனால் என் கோபம் முதலில் உங்கள் மேல் இல்லை, கடைக்காரர் மேலும் இல்லை. தாளில் கொண்டுபோனால் முகத்தைச் சுளித்து, பிளாஸ்டிக்கில் கொண்டுபோனால் வாங்கிக்கொள்கிற கவுன்டர்கள் மேல்தான்.

முதலில் அந்தக் கார்டு எப்படித் தயாராகிறது என்று பார்ப்போம். பிவிசி தண்ணீரை உறிஞ்சாது. இங்க்ஜெட் பிரிண்டரின் மையோ தண்ணீரில் கரைந்த சாயம். சாதாரண பிளாஸ்டிக் மேல் அது முத்து முத்தாக நின்று வழிந்துவிடும். அதனால் மையைப் பிடித்துக்கொள்ள மேலே ஒரு பூச்சு பூசிய வெள்ளைக் கார்டுகளை விற்கிறார்கள். அளவு 85.6 மில்லிமீட்டருக்கு 54 மில்லிமீட்டர், கனம் முக்கால் மில்லிமீட்டர். ஏடிஎம் கார்டின் அதே அளவு. புகைப்படம் போடுகிற ஆறு வண்ண இங்க்ஜெட் பிரிண்டரில் முன்பு சிடி வைத்து அச்சடிக்க ஒரு தட்டு இருக்கும். அந்த இடத்தில் கார்டு வைக்கும் தட்டைச் செருகி அச்சடிக்கிறார்கள். இன்னொரு வழி டிராகன் ஷீட். ஏ4 அளவு பிளாஸ்டிக் தாளில் அச்சடித்து, மேலும் கீழும் மெல்லிய படலம் வைத்து, சூட்டில் அழுத்தி ஒட்டி, கட்டரில் வெட்டி எடுப்பது.

தொழிலாக இதில் ஒரு குறையும் இல்லை, நல்ல கைவேலை. ஆனால் மேலே படலம் இல்லாத கார்டை ஈரக் கையால் நாலு முறை தேய்த்துப் பாருங்கள், பெயர் கலங்க ஆரம்பிக்கும். வெயிலில் வைத்தால் முகம் வெளுக்கும். விடியற்காலையில் படகு ஏறி உப்புத் தண்ணீரிலும் வியர்வையிலும் நாள் முழுக்க நிற்கிறவர் சட்டைப்பையில் அது எத்தனை நாள் தாங்கும்? 2008 நவம்பரில் மும்பைத் தாக்குதல் நடந்த பிறகு, கடலுக்குப் போகிறவர்களுக்கு அடையாள அட்டை எவ்வளவு முக்கியம் ஆனது என்று நம் ஊரில் யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. மீனவர்களுக்கென்றே பயோமெட்ரிக் அட்டைத் திட்டம் வந்ததும் அதன் பிறகுதான். நடுக்கடலில் கடலோரக் காவல்படை நிறுத்திக் கேட்கும்போது கலங்கிப்போன முகமும் பாதி அழிந்த எண்ணும் உள்ள கார்டை நீட்டுவதற்கா நூறு ரூபாய் கொடுத்தீர்கள்?

அடுத்தது அந்தக் கறுப்புக் கட்டம், க்யூஆர். கார்டிலேயே உயிருள்ள பகுதி அதுதான். 2018 முதல் வருகிற ஆதார் க்யூஆரில் உங்கள் பெயர், பிறந்த தேதி, முகவரியோடு சின்னதாக உங்கள் புகைப்படமும் அடங்கியிருக்கிறது. அதன் மேல் ஆதார் ஆணையத்தின் டிஜிட்டல் கையெழுத்தும் இருக்கிறது. ஆணையத்தின் ஸ்கேனர் செயலியில் காட்டினால் உள்ளே இருப்பது திரையில் வரும். அட்டையின் மேல் ஒருவன் பெயரையோ படத்தையோ மாற்றி அச்சடித்திருந்தால் திரையில் வருவது வேறாக இருக்கும், அந்த இடத்திலேயே பிடிபட்டுவிடுவான். இவ்வளவு விவரம் அடைத்திருப்பதால் அதன் புள்ளிகள் மிக நெருக்கமானவை. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பி, அது சுருங்கி, கடையில் வெட்டி ஒட்டி, இன்னும் சிறிதாக்கி, மை லேசாகப் பரவும் பிளாஸ்டிக்கில் அச்சடித்தால் அந்தப் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அது வெறும் கறுப்புக் கட்டம்தான். வீட்டில் வெள்ளைத்தாளில் தெளிவாக அச்சடித்த ஆதாரில் க்யூஆர் வேலை செய்யும். பளபளப்புக் கார்டில் பல நேரம் வேலை செய்யாது. இரண்டில் எது அசல்? நீங்களே சொல்லுங்கள்.

இது என் சொந்தக் கருத்து மட்டும் இல்லை. 2018 பிப்ரவரியில் ஆதார் ஆணையமே அறிக்கை விட்டது. பிளாஸ்டிக் ஆதார், ஸ்மார்ட் ஆதார் என்று ஒன்று கிடையாது. கடைகள் 50 ரூபாயிலிருந்து 300 ரூபாய் வரை, சில இடங்களில் அதற்கு மேலும் வாங்குகின்றன. அப்படி அச்சடிப்பதில் க்யூஆர் கெட்டுப்போகிறது. உங்கள் அனுமதி இல்லாமல் விவரங்கள் வெளியே போக வாய்ப்பு இருக்கிறது. சாதாரணத் தாளில் கறுப்பு வெள்ளையில் எடுத்த ஆதாரும் முழுக்கச் செல்லும். இவ்வளவையும் தெளிவாகச் சொன்னார்கள்.

அப்புறம் என்ன ஆயிற்று தெரியுமா? பிளாஸ்டிக் தேவையில்லை என்ற அதே ஆணையம் 2020 அக்டோபரில் தானே பிவிசி கார்டைக் கொண்டுவந்தது. தொடங்கியபோது தபால் செலவோடு சேர்த்து 50 ரூபாய். ஹாலோகிராம், லென்ஸ் வைத்தால்தான் தெரிகிற நுண்ணெழுத்து, மங்கலான இரண்டாவது முகம், பின்னல் கோட்டு வேலை, தொட்டால் தெரிகிற முத்திரை என்று அதில் பாதுகாப்பு அம்சங்கள் இருக்கின்றன. எந்த இங்க்ஜெட்டாலும் ஹாலோகிராம் அச்சடிக்க முடியாது. 2022 ஜனவரியில் மறுபடியும் சொன்னார்கள்: வெளிச்சந்தையில் போடும் பிவிசி நகல்களை நாங்கள் ஊக்குவிக்கவில்லை, அவற்றில் பாதுகாப்பு அம்சங்கள் இல்லை என்று. நல்லது. ஆனால் "தாளே போதும்" என்று சொல்லி இரண்டு வருடம் கழித்து நீங்களே பிளாஸ்டிக் போட்டால், கவுன்டரில் இருப்பவர் என்ன நினைப்பார்? "அப்போ பிளாஸ்டிக்தான் உசத்தி" என்றுதானே நினைப்பார்? ஜனங்களின் தலையில் இருக்கிற குழப்பத்தில் ஆணையத்துக்கும் பங்கு உண்டு. கடிதமாக வந்தது, இணையத்தில் எடுத்தது, செல்போன் செயலியில் இருப்பது, பிவிசி கார்டு, நான்கும் சட்டப்படி சமம் என்று ஒவ்வொரு அலுவலக வாசலிலும் தமிழில் எழுதி ஒட்டியிருக்கலாம். நான் போன எந்த அலுவலகத்திலும் அப்படி ஒரு நோட்டீஸைப் பார்த்ததில்லை.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பெண், இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், மீன் விற்றுக் குடும்பம் நடத்துகிறாள். ஒரு வேலையாக ஓர் அலுவலகத்துக்குத் தாளில் எடுத்த ஆதாரோடு போனாள். "இது செல்லாதும்மா, ஒரிஜினல் கொண்டா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றைய வியாபாரம் போயிற்று. பக்கத்துக் கடையில் அதே பிடிஎஃப்பைக் கொடுத்து நூறு ரூபாய்க்கு இங்க்ஜெட் கார்டு போட்டுக்கொண்டு மறுநாள் போனாள். அதே கவுன்டர், அதே ஆள். "ம், இதுதாம்மா ஒரிஜினல்" என்று வாங்கி வைத்துக்கொண்டார். இரண்டு நாளும் யாரும் க்யூஆரை ஸ்கேன் செய்யவில்லை.

யோசித்துப் பாருங்கள். அந்த அலுவலகம் சோதித்தது அவளுடைய அடையாளத்தை அல்ல, அட்டையின் வழவழப்பை. வழவழப்பைத்தான் சோதிக்கிறார்கள் என்றால், வேறொருவன் பெயரில் தன் படத்தை ஒட்டி ஒரு கார்டு போடுவதற்கு மோசடிக்காரனுக்கு என்ன தடை? நேர்மையான ஏழைப் பெண்ணைத் திருப்பி அனுப்புகிற அந்தப் பழக்கம்தான் திருடனுக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. பாதுகாப்பு என்ற பெயரில் இது நடக்கிறது என்பதுதான் கொடுமை.

இப்போது கடையில் விட்டுவிட்டு வருவதைப் பற்றி. ஆதார் பிடிஎஃப்புக்குப் பாஸ்வேர்ட் உண்டு என்று தைரியமாக இருக்கிறீர்கள். அந்தப் பாஸ்வேர்ட் உங்கள் பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த வருடமும். ஊருக்கே தெரிந்த இரண்டு விஷயங்களை வைத்துப் பூட்டியிருக்கிறார்கள்! அந்தக் கோப்பு கடைக்காரரின் வாட்ஸ்அப்பில் இருக்கிறது, கம்ப்யூட்டரின் டவுன்லோட் பெட்டியில் இருக்கிறது, படமாக மாற்றியதும் இருக்கிறது. கடைக்காரர் நல்லவராகவே இருக்கட்டும். அந்தக் கம்ப்யூட்டரில் நாளைக்கு வேலைக்கு வருகிற பையன் யார்? அதைப் பழுது பார்க்க எடுத்துப்போகிறவர் யார்? பழைய ஹார்டு டிஸ்க் எங்கே போகும்? பெயர், படம், முகவரி, பிறந்த தேதி, பன்னிரண்டு இலக்க எண், எல்லாம் ஒரே கோப்பில். உங்கள் பெயரில் ஒரு சிம் கார்டு, ஒரு கடன் என்று ஏதாவது கிளம்பினால், அது நான் இல்லை என்று நிரூபிக்க நீங்கள்தான் அலைய வேண்டும்.

"ஆனா பேப்பர் கிழிஞ்சிடுது சார்" என்பீர்கள். உண்மை. பிளாஸ்டிக் உறை போட்டு வையுங்கள், இல்லை லேமினேஷன் செய்யுங்கள். கிழிந்தாலும் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். கார்டாகத்தான் வேண்டும் என்றால் ஆணையத்தின் இணையதளத்தில் ஆர்டர் செய்யுங்கள், ஸ்பீடு போஸ்டில் வீட்டுக்கே வரும். ஆதாரில் பதிந்த செல் எண் இல்லாதவர்கள்கூட வேறு எண்ணுக்கு ஓடிபி வாங்கி ஆர்டர் செய்யலாம்.

"கடைக்காரப் பையன் பிழைக்க வேண்டாமா?" என்றும் சிலர் கேட்பீர்கள். நிச்சயம் பிழைக்க வேண்டும். அவர்களிலும் என் மாணவர்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கூட அடையாள அட்டை, டியூஷன் சென்டர் அட்டை, கோவில் திருவிழாத் தொண்டர் பேட்ஜ், விளையாட்டுக் கழக அட்டை, இவற்றையெல்லாம் தாராளமாகப் போடலாம். அவற்றைத் தருகிற பள்ளியும் கழகமுமே கடையில் கொடுத்து அச்சடிக்கின்றன. யார் அட்டையோ அவர்கள் கொடுத்து அச்சடித்தால் அது தொழில். அரசின் அட்டையை மூன்றாம் ஆள் அச்சடித்து "ஒரிஜினல்" என்று விற்றால் அதற்கு வேறு பெயர். அனுமதியில்லாமல் ஆதார் விவரங்களை வாங்கி அச்சடிப்பது தண்டனைக்குரியது என்று 2018 அறிக்கையிலேயே இருக்கிறது. தம்பிகளே, போலீஸ் வந்தால் கவுன்டர்காரர் வந்து உங்களுக்காகப் பேச மாட்டார்.

வயதானவர்கள் ஒன்றை நினைத்துப் பாருங்கள். 2004 டிசம்பர் 26 அன்று நம் கரையில் ரேஷன் கார்டும் பத்திரமும் மார்க் ஷீட்டும் தண்ணீரோடு போயின. அதனால் நாம் யாரும் இல்லாதவர்கள் ஆகிவிட்டோமா? அலுவலகப் பதிவேட்டில் பெயர் இருந்தது, பள்ளிக்கூட அட்மிஷன் ரெஜிஸ்டரில் பெயர் இருந்தது, அதைப் பார்த்து மறுபடி எழுதிக் கொடுத்தார்கள். மூலம் பதிவேடு. கையில் இருப்பது அதைக் காட்டுகிற சீட்டு. சீட்டு தாளா, பிளாஸ்டிக்கா, செல்போன் திரையா என்பது பெரிய விஷயமே இல்லை. பதிவேட்டோடு ஒத்துப்போகிறதா என்பதுதான் விஷயம். வருடக்கணக்கில் ரெஜிஸ்டரும் டிசியும் எழுதிய கை சொல்கிறது.

ஆகவே சில வேண்டுகோள்கள்.

1. ஆதார் பிடிஎஃப்பை எந்தக் கடை வாட்ஸ்அப்புக்கும் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் கடைக்குப் போய், முன்னால் நின்று அழிக்கச் சொல்லுங்கள். தயங்காதீர்கள், அது உங்கள் பொருள்.

2. வெறும் நகல் கேட்கிற இடத்தில், கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற மறைப்பு ஆதாரைக் கொடுங்கள். அதே இணையதளத்தில் எடுக்கலாம்.

3. "தாள் செல்லாது" என்று யாராவது சொன்னால், சண்டை வேண்டாம். "எந்த விதியில் இருக்கு, எழுதிக் கொடுங்க" என்று மரியாதையாகக் கேளுங்கள். எழுதிக் கொடுக்க மாட்டார்கள், ஏனென்றால் அப்படி விதி இல்லை.

4. இது என் மாணவர்களில் கவுன்டரில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு. வங்கியில், அலுவலகத்தில், பள்ளியில், கம்பெனியில் பலர் இருக்கிறீர்கள், எனக்குப் பெருமை. அந்த ஸ்கேனர் செயலி இலவசம். கார்டைத் தடவிப் பார்ப்பதை விட்டுவிட்டுக் க்யூஆரை ஸ்கேன் செய்யுங்கள். அரை நிமிட வேலை. அந்த அரை நிமிடத்தை மிச்சப்படுத்த ஒரு மீன்காரப் பெண்ணின் ஒரு நாள் கூலியை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன். செல்போன் பார்க்காத அம்மா, அப்பா, பாட்டிக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். கடைக்கு நூறு ரூபாய் கொடுக்கப் போவது அவர்கள்தான்.

உங்கள் பழைய வாத்தியார்,
மண்டபத்தூர், காரைக்கால்.