பலகைக்காரருக்கு என்ன பரிசு?

கட்டுமரம் என்ற சொல்லை ஆங்கிலத்துக்குக் கடன் கொடுத்தது தமிழ். திரும்பி வந்திருப்பதோ நின்றபடியே துடுப்புப் போடும் பலகை. ஹவாய்த் தீவுகளில் பிறந்து, 2000க்குப் பிறகு உலகெங்கும் பரவிய 'ஸ்டாண்ட் அப் பேடில்' விளையாட்டை இப்போது திருவனந்தபுரத்தை ஒட்டிய கோவளத்திலும் வடக்கே வர்க்கலையிலும் பார்க்கலாம். விழிஞ்ஞத்து முதியவர்களுக்கு இதில் பெரிய அதிசயம் எதுவும் இராது. அலையைத் தாண்ட அவர்களுக்குப் பலகை தேவைப்பட்டதில்லை, நாலு மரக்கட்டைகளும் கயிறும் போதும்.

வீட்டில் இந்தப் பித்துப் பிடித்த ஒருவர் இருந்து, அவருக்குப் பிறந்தநாளும் வந்துவிட்டால் என்ன வாங்குவது? பலகையே வாங்கித் தந்து அசத்தலாம் என்ற ஆசை வேண்டாம். அது உடல் எடையைப் பார்த்து அவரே தேர்ந்தெடுக்க வேண்டியது. படம் போட்ட பனியன் ஏற்கெனவே நாலு இருக்கும்.

காலையும் பலகையையும் இணைக்கும் கயிறு, அதாவது லீஷ், நல்ல பரிசு. ஆனால் அவர் எந்தத் தண்ணீரில் இறங்குகிறார் என்று கேட்காமல் வாங்கக் கூடாது. கடலில் விழுந்தால் பலகை கைவிட்டுப் போகாமல் காப்பது கணுக்காலில் கட்டும் லீஷ்தான். அதே லீஷ், நெய்யாறு கடலில் கலக்கும் பூவாறு பொழிமுகத்தில் எமனாகலாம். பலகை ஒரு கழியின் அந்தப் பக்கமும் ஆள் இந்தப் பக்கமுமாகச் சிக்கினால், இழுக்கும் நீரோட்டத்தில் குனிந்து காலை அவிழ்க்க முடியாது. ஓடும் நீருக்கு இடுப்பில் கட்டி, ஒரே இழுப்பில் கழன்றுவிடும் லீஷ்தான் வேண்டும். பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் 2021 அக்டோபரில், ஆற்றுத் தடுப்பணை ஒன்றில் 4 பலகைக்காரர்கள் இறந்தார்கள். விசாரணையில் வெளிவந்த குறைகளில் பொருத்தமற்ற லீஷும் ஒன்று.

அடுத்தது மிதவைச் சட்டை. காற்றடைக்கும் வகை பார்க்க ஒய்யாரமாக இருக்கும். ஆனால் அதிலுள்ள வாயுக் குப்பியை விமானத்தில் கொண்டுபோக, விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். டெல்லியிலிருந்து வாங்கி வருபவருக்குத் தலைவலி. நுரை வைத்த சாதாரணச் சட்டை கொஞ்சம் புழுங்கும், ஆனால் ஏமாற்றாது. அதன் தோளில் மாட்ட ஒரு விசில். நனைந்தாலும் ஒலிக்கிற, உள்ளே குண்டு இல்லாத வகையாகப் பாருங்கள்.

ஆக்குளம் ஏரி போன்ற ஆகாயத்தாமரை மண்டிய நீருக்கு, பலகையின் அடியில் மாட்டும் துடுப்பு போன்ற 'ஃபின்' ஒன்று தரலாம். நேராக நிற்பதில் கொடி சுற்றிக்கொள்ளும். பின்பக்கம் சாய்ந்ததில் வழுக்கிப் போய்விடும். பலகையிலுள்ள பொருத்தும் குழியின் வகையை முன்கூட்டியே நைசாகக் கேட்டுக்கொள்வது நல்லது.

முழுக்கைச் சட்டை, நீர் புகாத பை ஆகியவற்றில் தவறு செய்ய வழியில்லை. காற்றடைக்கும் பலகை வைத்திருப்பவருக்கு ஒட்டுத்துண்டும் பசையும் கொடுக்கலாம். நடுப்பகல் வெயிலில் கிடந்தால் உள்ளே காற்று விரிந்து தையல் விட்டுக்கொள்ளும். பசையைப் பெரிய டப்பாவாக வாங்க வேண்டாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை கடல் கொந்தளிக்கிற மாதங்களில் பலகை மூலையில் கிடக்கும். திறந்த பசை அதற்குள் கல்லாகிவிடும்.