அட்டைப் பெட்டி ராட்சதன்!
வேடம் போட்ட குழந்தைகள் பூதத்தோடு சண்டை

மிட்டாய் என்று நினைத்து ஒரு சிறுவனைப் பூதம் தூக்கிச் சென்றுவிட்டது. அவனை மீட்க உடன்பிறந்தவள் கிளம்புகிறாள். அவளிடம் ஆயுதம் எதுவும் இல்லை. உடம்பில் ஒரு அட்டைப் பெட்டி. அவ்வளவுதான்!

இது ஒரு வீடியோ விளையாட்டின் கதை. பெயர் "காஸ்ட்யூம் குவெஸ்ட்". வேடம் போட்டுக்கொண்டு தேடிப் போவது என்று பொருள். அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரில் உள்ள "டபுள் பைன்" என்ற கம்பெனி தயாரித்தது. 2010-ம் ஆண்டு அக்டோபர் மாதம் வெளிவந்தது.

அக்டோபரில் வெளியிட்டதற்குக் காரணம் உண்டு. அந்த மாதம் 31-ந் தேதி இரவு அமெரிக்காவில் "ஹாலோவீன்" பண்டிகை. குழந்தைகள் பேய், சூனியக்காரி, வீரன் என்று வேடம் போட்டு வீடு வீடாகப் போவார்கள். கதவைத் தட்டினால் மிட்டாய் கிடைக்கும். வாசலில் பூசணிக்காயைக் குடைந்து, கண்ணும் வாயும் வெட்டி, உள்ளே விளக்கு வைத்திருப்பார்கள்.

கதவைத் திறப்பது யார்?

ரென், ரெனால்ட் இருவரும் இரட்டைக் குழந்தைகள். ரென் பெண், ரெனால்ட் பையன். புதிய ஊருக்குக் குடிவந்தவர்கள். ஆடுகிறவர் இருவரில் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். மற்றவர் சோளமணி மிட்டாய் போல வேடம் போட்டிருப்பார். பூதம் ஏமாந்தது அதனால்தான்!

தனியாக வீடு திரும்பினால் தண்டனை நிச்சயம். பூதத்தை விட அந்தப் பயம் பெரிது. குழந்தைகளை அறிந்தவர்கள் எழுதிய கதை என்பது இங்கேயே தெரிந்துவிடுகிறது.

ஒவ்வொரு கதவாகத் தட்ட வேண்டும். மிட்டாயோடு பெரியவர் வரலாம். பூதமும் வரலாம். பூதம் வந்தால் சண்டை! அப்போதுதான் அதிசயம் நடக்கிறது. அட்டைப் பெட்டி வானளாவிய இயந்திர மனிதனாகிவிடுகிறது. சுதந்திர தேவி வேடம் போட்டால் காயம்பட்ட கூட்டாளிகளைக் குணப்படுத்தலாம். உருளைக்கிழங்கு வறுவல் வேடம் கூட உண்டு. அதுவும் சண்டை போடும்!

சண்டை முடிந்ததும் மறுபடி அதே அட்டைப் பெட்டி. இந்த விளையாட்டின் உயிரே இதில்தான் இருக்கிறது. பெரியவர் கண்ணுக்கு அது குப்பையில் போட வேண்டிய பெட்டி. அதற்குள் நிற்கும் குழந்தைக்கு அது இரும்புக் கவசம். குழந்தை காண்பதையே திரையில் காட்டியிருக்கிறார்கள்.

கம்பெனிக்கு வந்த ஆபத்து

இவ்வளவு வேடிக்கையான விளையாட்டு பிறந்தது ஒரு கஷ்ட காலத்தில். 2009-ல் இந்தக் கம்பெனி "புரூட்டல் லெஜண்ட்" என்ற பெரிய விளையாட்டை முடித்திருந்தது. அதன் இரண்டாம் பாகத்தை நம்பியிருந்தார்கள். வெளியீட்டாளர் அதைக் கைவிட்டுவிட்டார்!

தலைவர் டிம் ஷேபர் பழைய பெட்டியைத் திறந்தார். முன்பு ஒரு முறை அவர் ஊழியர்களைக் குழுக்களாகப் பிரித்திருந்தார். கையில் உள்ள வேலையை மறந்துவிட்டு, இரண்டே வாரத்தில் குழுவுக்கு ஒரு சிறு விளையாட்டு செய்யச் சொல்லியிருந்தார். அந்தப் பயிற்சியில் முளைத்த யோசனைதான் இது. பிக்ஸார் கார்ட்டூன் கம்பெனியில் வேலை பார்த்த டாஷா ஹாரிஸ் என்ற பெண்மணி இதை முன்நின்று உருவாக்கினார். ஒரே பெரிய படைப்பை நம்பியிருந்த இடத்தில் சின்னச் சின்ன விளையாட்டுகள் சோறு போட்டன.

குறை இல்லாமல் இல்லை. சண்டைகள் ஒரே மாதிரி இருக்கின்றன. பத்தாவது பூதத்தை அடிக்கும்போது கொஞ்சம் அலுப்புத் தட்டும். ஆனாலும் அடுத்த வேடம் என்ன என்ற ஆசை இழுத்துக்கொண்டு போகிறது.

விளையாட்டை வெளியிட்ட "டி.எச்.க்யூ." கம்பெனி 2012 டிசம்பரில் திவால் மனு கொடுத்தது. அட்டைப் பெட்டி மட்டும் தப்பித்துக்கொண்டது! 2014-ல் இரண்டாம் பாகம் வந்தது. 2019-ல் அமேசான் இதைக் கார்ட்டூன் தொடராகக் காட்டியது. அதே ஆண்டு மைக்ரோசாப்ட், டபுள் பைன் கம்பெனியையே விலைக்கு வாங்கிவிட்டது.