மாற்றல் கேட்கும் முன்



தலைநகருக்கு வந்த தமிழர்களில் பலருக்கு 'மாற்றல்' என்பது வாழ்க்கையையே திருப்பிப் போட்ட சொல். 1996-ல் எனக்கு வந்த மாற்றல் உத்தரவு ஒரே ஒரு தாள்தான். ஏன் போகிறாய் என்று யாரும் கேட்கவில்லை. போ என்றார்கள், ஜி.டி. எக்ஸ்பிரஸில் ஏறி வந்து சேர்ந்தேன். இப்போது நம் பிள்ளைகள் வேறு ஒரு மாற்றலைக் கேட்கிறார்கள். இங்கே ஒரு கல்லூரியில் ஓராண்டு படித்துவிட்டு, அமெரிக்காவின் பெயர் பெற்ற பல்கலைக்கழகம் ஒன்றுக்கு நடுவில் மாறிச் செல்ல விண்ணப்பிக்கிறார்கள். பிள்ளைகள் கேட்கிறார்கள் என்று எழுதிவிட்டேன். எங்கள் வீட்டில் கேட்டவன் நான்.

என் மகள் 2023-ல் டில்லியில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் படிக்கச் சேர்ந்தாள். பெரிய பெயர் உள்ள கல்லூரி அல்ல. பள்ளித் தோழிகள் இருவர் அமெரிக்கா போய்விட்டார்கள். கிருத்திகைக்கு மலை மந்திர் போனால் தெரிந்தவர் யாராவது, "பொண்ணு எங்கே படிக்கிறா?" என்று கேட்பார். நான் கல்லூரியின் பெயரைச் சொல்லாமல், "எகனாமிக்ஸ் படிக்கிறா" என்று பாதிப் பதிலோடு நழுவிவிடுவேன். அவளும் பக்கத்தில்தான் நின்றிருப்பாள்.

அந்த ஆண்டுக் கடைசியில் விவரங்களைச் சேகரித்தேன். ஹார்வர்டுக்கு மாற வேண்டுமானால் கல்லூரியில் ஓராண்டாவது முழு நேரம் படித்திருக்க வேண்டும். இரண்டாண்டுக்கு மேல் படித்திருக்கவும் கூடாது. பிரின்ஸ்டன் 1990-லிருந்து இப்படி யாரையும் சேர்ப்பதில்லை என்று இருந்தது. 2018-ல் கதவைத் திறந்தபோது 1,429 பேர் விண்ணப்பித்தார்கள். இடம் கிடைத்தது 13 பேருக்கு. நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. கோடை விடுமுறையில் சென்னைக்கு டிக்கெட் எடுத்து, வெயிட்டிங் லிஸ்டில் நூறைத் தாண்டிய எண்ணோடு ஸ்டேஷனுக்குப் போனவர்களுக்கு இந்தக் கணக்கு புரியும்.

இன்னொன்றையும் அன்றே கவனித்திருக்க வேண்டும். பிரின்ஸ்டன் அந்தக் கதவைத் திறந்தது முக்கியமாக ராணுவத்தில் பணியாற்றியவர்கள், வசதி குறைந்த குடும்பத்தவர், அங்குள்ள இரண்டாண்டுச் சமுதாயக் கல்லூரிகளில் படித்தவர்கள் ஆகியோரை மனதில் வைத்து. கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகங்களும் 1960-ல் வகுத்த திட்டத்தின் வழியில், இடையில் சேர்வோரில் அந்த மாநிலச் சமுதாயக் கல்லூரி மாணவர்களுக்கே முதலிடம் தருகின்றன. முதல் முறை வாசலுக்கே வர முடியாதவர்களுக்காக வைத்த வழி அது. முதல் முறை கிடைக்காத பெயரை இரண்டாம் முறை வாங்கிவிடலாம் என்று நினைப்பவர்களுக்காக அல்ல.

ஆனாலும் விண்ணப்பித்தோம். கல்லூரி அதிகாரி கையெழுத்திட வேண்டிய படிவம், நடந்துகொண்டிருக்கும் பருவத்தின் இடைக்கால மதிப்பெண், இரண்டு ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதம் என்று வரிசையாகக் கேட்டார்கள். கல்லூரி அலுவலகத்து குமாஸ்தா அப்படி ஒரு படிவத்தைப் பார்த்ததே இல்லை. மூன்று முறை அலைந்த பிறகு முத்திரை விழுந்தது. கடைசியில் நின்றது ஒரு கட்டுரை. 'இப்போதிருக்கும் கல்லூரியை விட்டு ஏன் போக விரும்புகிறாய்?'

நான்கு நாள் எழுதினாள். நான் வாங்கிப் படித்துவிட்டு, கல்லூரியின் குறைகளை இன்னும் அழுத்தமாக எழுதச் சொன்னேன். அவள் காகிதத்தை மேஜைமேல் வைத்தாள். "இது பொய்ப்பா. எனக்கு இந்த காலேஜ் பிடிச்சிருக்கு. பிடிக்காதது உங்களுக்குத்தான்."

நான் பதில் சொல்லவில்லை. சொன்னதைச் செய்யும் பெண். மார்ச்சில் இரண்டு இடங்களுக்கு அனுப்பினாள். மே மாதம் இரண்டு இடத்திலிருந்தும் 'வருந்துகிறோம்' என்று வந்தது. விண்ணப்பக் கட்டணம் போனது பெரிதல்ல. முதலாண்டு முழுவதும் அவள் அந்தக் கல்லூரியில், வண்டிக்குக் காத்திருக்கும் பயணியைப் போலவே உட்கார்ந்திருந்தாள். விவாத மன்றத்தில் கூப்பிட்டார்கள், போகவில்லை. சிநேகிதம் பிடிக்கவில்லை. 'போகப் போகிறவள்தானே' என்ற நினைப்பு. அந்த ஓராண்டை அவளுக்கு நான் திருப்பித் தர முடியாது.

மாறுவதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு பிள்ளை மொழியியல் படிக்கத் துடிக்கிறான், அவன் கல்லூரியில் அந்தத் துறையே இல்லை என்றால் அது நல்ல காரணம். படிக்கப் போன பாடம் தனக்கு ஒத்துவராது என்று ஓராண்டில் கண்டுகொள்வதும் காரணம்தான். நம் நாட்டில் பதினேழு வயதில் பிடித்த பாதையில் கடைசிவரை போக வேண்டியிருந்தது. 2020-ன் தேசியக் கல்விக் கொள்கையும், 2021-ல் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த கல்விப் புள்ளி வங்கி விதிகளும் இங்கேயே ஓரிடத்தில் படித்ததை இன்னோரிடத்தில் கணக்கில் சேர்க்க வழி சொல்கின்றன. நல்ல மாற்றம் அது.

ஆகவே பெற்றோருக்கு என் வேண்டுகோள் இது. விண்ணப்பப் படிவத்தைத் தொடும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அங்கே கிடைக்கும் எந்தப் பாடம் இங்கே கிடைக்கவில்லை? இங்கே படித்ததில் எவ்வளவை அவர்கள் ஏற்பார்கள்? ஏற்காவிட்டால் அந்த ஆண்டுக்கும் சேர்த்து நாம்தான் கட்டணம் கட்ட வேண்டும். மூன்றாவது, பணம் எங்கிருந்து வரும்? ஒரு சில பல்கலைக்கழகங்கள் தவிர மற்றவை, வெளிநாட்டு மாணவருக்கு உதவித்தொகை தேவையா என்பதையும் பார்த்துத்தான் இடம் தருகின்றன. இந்த மூன்றுக்கும் பதில் பிள்ளையின் வாயிலிருந்து வரட்டும். நம் வாயிலிருந்து வந்தால் அது அவர்கள் கேட்கும் மாற்றல் அல்ல.

என் மகள் இரண்டாம் ஆண்டில் விவாத மன்றத்தில் சேர்ந்தாள். வீட்டுக்கு வரும் சிநேகிதிகளுக்கு என் மனைவி தோசை வார்த்துக் கை ஓய்கிறாள். போன கிருத்திகைக்கு மலை மந்திர் படியில் ஒரு மாமி வழக்கமான கேள்வியைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மகள் கல்லூரியின் பெயரைச் சொல்லிவிட்டாள். அடுத்த முறை நானே முந்திக்கொண்டு சொல்ல வேண்டும்.