நோக்குகூலி: சொல்லும் பழியும்

அங்காடி என்னும் பழஞ்சொல்லைப் பெயரிலேயே தாங்கிநிற்கும் திருவனந்தபுரம் பழவங்காடியை அடுத்தது சாலைக் கம்போளம். இத்தகு கேரளச் சந்தைகளில் வழங்கிய தொழிற்சொல் ‘நோக்குகூலி’. பிறர் சுமையிறக்க, அதனைப் பார்த்து நின்றமைக்குக் கேட்கப்பெறும் பணம் அது. கேரள அரசு 2018 மே 1 முதல் அதனை விலக்கியது. வழக்கம் ஒழியத்தக்கதே, சொல்லோ ஆராயத்தக்கது.

‘செய்கூலி’ போன்று ஒற்று மிகாது அமைந்தமையின் இதனை வினைத்தொகையாகக் கொள்ளலாம். செய்ததற்குச் செய்கூலி, நோக்கியதற்கு நோக்குகூலி. இரண்டிலும் கூலி என்பது ஊதியமே, ஆளன்று.

இவ்வாறிருக்க, ஆளைச் சுட்டும் ஆங்கிலக் ‘கூலி’ குஜராத்தின் கோலி இனப்பெயரினின்று பிறந்தது என்று யூலும் பர்னலும் 1886இல் ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதியில் முன்வைத்த கருத்தை இன்றும் சிலர் ஆராயாது வழிமொழிகின்றனர். இனப்பெயரின் சாயல் அதிற் கலந்திருக்கலாம். ஆயின், திருக்குறள் 619ஆம் பாவிலேயே ஊதியப் பொருளில் ஆளப்பெற்ற தமிழ்ச்சொல்லைப் பின்தள்ளுதல் முறையன்று.

இலங்கை, மலேயாத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழரை ஆட்சியாளர் அச்சொல்லாலேயே சுட்டினர். ஊதியத்தின் பெயரை மனிதனுக்குச் சூட்டி இழித்தது குடியேற்ற ஆட்சியே. இழிவு சொல்லில் இல்லை. இவ்வேறுபாட்டைத் தமிழாய்வுலகம் தெளிவுறுத்தாவிடின், உழைத்தவன் ஊதியத்தோடு தன் பெயரையும் இழந்தவனாவான்.