பழி தாயின் மேலா?

தோட்டத்தில் ஒரு குழந்தை முதுகு மூடாமல் பிறந்துவிட்டால் லயத்து வாசலில் உடனே விசாரணை தொடங்கிவிடுகிறது. கிரகணத்தன்று காய் நறுக்கினாளாம். யாரோ இட்ட சாபமாம். மறுபடி பெரட்டுக்கு வந்து நிற்கும் அந்தத் தாயின் முகத்தை, பெயர் கூப்பிடும் கிராணிகளாகிய நாம் பார்த்திருக்கிறோம். பார்த்தும் பேசாமல் இருந்திருக்கிறோம். அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறோம்.

நடப்பது என்ன? கரு உண்டான மூன்றாம் வாரத்தில் அதன் முதுகுப் பக்கம் மெல்லிய தகடு ஒன்று தோன்றுகிறது. ரப்பர் ஷீட்டின் இரண்டு ஓரங்களையும் தூக்கிச் சேர்த்தால் குழாய் ஆவதுபோல, அத்தகடும் மடிந்து குழாயாகிறது. அதுவே பின்னர் மூளையும் முதுகுத்தண்டு நரம்பும் ஆகிறது. தலைப்பக்கம் ஏறக்குறைய 25ஆம் நாளில் மூடும். அடிப்பக்கம் 28ஆம் நாளில். மேலே மூடாவிட்டால் மூளையும் மண்டையோடும் சரிவர உருவாகா, அக்குழந்தை பிழைப்பதில்லை. கீழே மூடாவிட்டால் முதுகு பிளந்து, கால்கள் வலுவிழந்து பிறக்கலாம்.

இருபத்தெட்டே நாள்! மாதவிலக்குத் தள்ளிப்போய் இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும். கிளினிக்கில் அட்டை போடுவதற்குள் காரியம் முடிந்துவிடுகிறது.

காரணம் ஒன்றல்ல. பரம்பரை, கட்டுப்படாத நீரிழிவு, வலிப்புக்குத் தரும் சில மருந்துகள் ஆகியவையும் உண்டு. ஆனால் போலிக் அமிலம் என்னும் சத்து பெருமளவு தடுக்கிறது. முன்பு இத்தகைய கருவைச் சுமந்த பெண்கள் இதை முன்கூட்டியே உட்கொண்டபோது, மறுபடி நேர்வது நூற்றுக்கு 72 பங்கு குறைந்ததென 1991இல் பிரிட்டிஷ் ஆய்வொன்று காட்டிற்று. இச்சத்தின் கதை தொடங்கியதே தொழிலாளிப் பெண்களிடம்தான். பம்பாய் ஆலைகளில் வேலை செய்த கர்ப்பிணிகளின் சோகையை ஆராய்ந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கில மாது, ஈஸ்ட் சாறு அதைத் தீர்ப்பதை 1931இல் எழுதினார். அச்சாற்றில் இருந்தது இச்சத்தே.

கீரையும் பருப்பும் தின்னுங்கள் என்று உபதேசிப்பது சுலபம், நல்லதும்கூட. ஆனால் அது மட்டும் போதாது. கருத்தரிக்க ஒரு மாதம் முன்பிருந்து முதல் மூன்று மாதம் வரை தினம் 400 மைக்ரோகிராம் மாத்திரை வேண்டும். முன்பு இப்படி நேர்ந்தவளுக்கு அளவு கூடும். அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

வயிறு தெரிந்த பிறகு கொடுக்கும் மாத்திரை இந்தக் குறையைத் தடுக்காது. ஆகவே தோட்டத்துக் கிளினிக்கில் பிள்ளை பெறும் வயதுள்ள பெண்கள் எவர் கேட்டாலும் இலவசமாகத் தர வேண்டும் என்று கேட்கிறோம். அடுத்த கிளைக் கூட்டத்தில் இது தீர்மானமாக வரும். "இது பெண்கள் விஷயம்" என்று எழுந்து போகும் ஆண்கள், வீட்டுக்குப் போய் இதையாவது படித்துக் காட்டட்டும்.